உழைத்துப் படிப்போரும் கோடை வெயிலும்

பட்டம் பெற்றதோடு படிப்பு முடிந்தது என்று எண்ணியிருந்த காலம் ஒன்று இருந்தது. இன்று அந்நிலை இல்லை. இளங்கலையோடு நின்றோர்க்கு வேலை அரிது. முதுகலையோடு நின்றோர்க்குப் பணியுயர்வு அரிது. ஆகவே முதுகலைக்கும் அதற்கு மேற்பட்ட ஆய்வுப் பட்டத்திற்கும் வருவோர் தொகை பெருகியிருக்கின்றது. ஆனால், அவ்வாறு வருவோருள் வேறு கவலையின்றிக் கற்பதையே தொழிலாகக் கொள்ளும் வசதி பெற்றோர் மிகச் சிலரே. தனியார் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு ஆய்வுக்கு வரும் ஆசிரியை, துணிக்கடையில் நாள் முழுவதும் நின்று விற்பனை செய்துவிட்டுப் பாடநூலைப் பிரிக்கும் இளைஞர், தோல் பதனிடும் தொழிற்சாலையில் கணக்கெழுதிக்கொண்டே முதுகலை பயிலும் மாணவர், கல்லூரிச் சுயநிதிப் பிரிவில் விரிவுரையாளராக இருந்துகொண்டே முனைவர் பட்டத்திற்குப் பதிவு செய்தவர் என்று இவர்களை வரிசைப்படுத்திக்கொண்டே போகலாம்.

இவர்களை நாம் மேடைதோறும் பாராட்டுகின்றோம். ‘விடாமுயற்சி’ என்கின்றோம், ‘தியாகம்’ என்கின்றோம். பாராட்டு நல்லதே. ஆயினும், பாராட்டு ஒருவர்க்கு உறக்கம் தராது, வியர்வையைத் துடைக்காது, நூலகத்தின் கதவைத் திறந்துவைக்காது. உழைத்துக்கொண்டே படிப்போர்க்கு முதன்மையாக வேண்டுவன இரண்டு. ஒன்று நேரம்; மற்றொன்று நிழல். இவ்விரண்டையும் தனிமனிதர் தம் மன உறுதியால் மட்டும் தேடிக்கொள்ள இயலாது. கல்லூரிகளும் சமுதாயமும் சேர்ந்து தரவேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. நம் நாட்டுக் கோடை இக்கருத்தை ஆண்டுதோறும் மெய்ப்பித்துக் காட்டுகின்றது.

ஒரு நாளின் கணக்கு

ஒரு பகுதிநேர ஆய்வாளரின் நாளை எண்ணிப் பார்ப்போம். நாளொன்றுக்கு 24 மணி. அதில் பணிக்கு 8 மணி. போக்குவரவுக்கு 2 மணி. வீட்டு வேலைக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோர்க்கும் 3 மணி. உறக்கத்திற்கு 7 மணி. குளியல், உணவு, தொழுகை ஆகியவற்றிற்கு 2 மணி. கூட்டினால் 22 வருகின்றது. எஞ்சுவது 2 மணி. இந்த இரண்டு மணி நேரமே அவருடைய ஆய்வின் முழு முதலீடு. சான்று திரட்டுவதும், நூல்களை ஒப்பிடுவதும், இயல் எழுதுவதும், நெறியாளரைக் காண்பதும் இந்த முதலீட்டிலிருந்துதான் நடைபெற வேண்டும்.

கோடை வந்ததும் இந்த இரண்டு மணியின் மீதே முதலில் கை வைக்கின்றது. இரவில் அனல் தணியாமையால் உறக்கம் கெடுகின்றது. கெட்ட உறக்கத்தை விடியற்காலையில் ஈடுசெய்ய வேண்டியிருக்கின்றது. பணி முடிந்து வெயிலில் வீடு திரும்பியவர், உடல் ஆறுவதற்கே ஒரு மணி நேரம் வேண்டியவராகின்றார். மின்தடை வந்தால் எஞ்சியதும் போயிற்று. இவ்வாறு கோடை ஒன்றுக்கு மூன்று மாதம் ஆய்வு தடைப்படுமானால், ஆறு ஆண்டுகளில் 18 மாதங்கள் கழிந்துவிடும். ஆய்வு ஏன் முடியவில்லை என்று கேட்போர் இந்த ஒன்றரை ஆண்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

‘கோடையில்தான் விடுமுறை உண்டே’ என்று கூறுவோர் உளர். மாணவர்க்கு உண்டு, பணிபுரிவோர்க்கு அது பெயரளவில்தான். ஏப்ரல், மே மாதங்களில்தான் பருவத் தேர்வுக் கண்காணிப்பு. அம்மாதங்களில்தான் விடைத்தாள் திருத்தும் பணி. அடுத்து மாணவர் சேர்க்கைப் பணி. தனியார் பள்ளி ஆசிரியர்கள் சேர்க்கைக்காக வீடு வீடாகச் செல்லவும் நேர்கின்றது. துணிக்கடையில் பணிபுரிவோர்க்குத் திருமணப் பருவமும் பள்ளிச் சீருடை விற்பனையும் சேர்ந்து வேலை இருமடங்காகின்றது. ஆண்டில் மிகக் கடுமையான வேலையும் மிகக் கடுமையான வெயிலும் ஒரே மாதங்களில் வந்து நிற்பது நம் நாட்டில் உழைத்துப் படிப்போர்க்கு நேர்ந்த இடர் எனலாம்.

வேனிலும் இலக்கியமும்

தமிழர் வெயிலை அறியாதவர் அல்லர். பாலைத் திணைக்கு வேனிலையும் நண்பகலையும் பொழுதாக வகுத்த இலக்கணம் நம்முடையது. முல்லையும் குறிஞ்சியும் வெப்பத்தால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று காட்டிய காப்பியம் சிலப்பதிகாரம். நிலமே வெம்மையால் இயல்பு திரியும் என்றால், அந்நிலத்தில் வாழும் மனிதரின் உடலும் உள்ளமும் திரியா என்று நாம் எவ்வாறு கூறமுடியும்?

அதே சிலப்பதிகாரத்தில், புறஞ்சேரி இறுத்த காதையில் மற்றொரு செய்தியும் உண்டு. மதுரைக்குச் செல்லும் வழியில், கண்ணகியால் பகலின் வெம்மையைத் தாங்க இயலாமையை உணர்ந்த கோவலன், பகற்பயணத்தை விடுத்து நிலவொளியில் இரவில் நடக்கலாம் என்று கவுந்தியடிகளிடம் கூறுகின்றான். அடிகளும் உடன்படுகின்றார். கண்ணகியை நோக்கி ‘மன உறுதியோடு நட’ என்று அங்கு எவரும் அறிவுரை கூறவில்லை. பயண நேரத்தையே மாற்றிக்கொண்டனர். இளங்கோவடிகள் காட்டும் இந்த நடைமுறை அறிவு நம் கால அட்டவணைகளில் இல்லை என்பது வருந்தத்தக்கது.

சித்திரை, வைகாசியை இளவேனில் என்றும், ஆனி, ஆடியை முதுவேனில் என்றும் பகுத்தனர் நம் முன்னோர். இன்று நாம் படும் கொடுமை பெரிதும் அந்த இளவேனிலில்தான். மே 4 அளவில் தொடங்கி அம்மாத இறுதி வரை நீளும் கத்திரி வெயிலை அறியாதார் இல்லை. சென்னையில் 2003ஆம் ஆண்டு மே இறுதியில் வெப்பம் 45 டிகிரி செல்சியஸைத் தொட்டது. 2024ஆம் ஆண்டு மே தொடக்கத்தில் வேலூர், ஈரோடு, கரூர் பரமத்தி ஆகிய உள்நாட்டு ஊர்களில் 42 டிகிரிக்கும் மேல் பதிவாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. புயலையும் வெள்ளத்தையும் போல வெயிலும் உயிரைப் பறிக்கும் பேரிடர் என்று அரசே ஏற்றுக்கொண்டபின், அதனைத் தனிமனிதரின் பொறுமைக்கு விடுவது முறையாகாது.

வெப்பம் அறிவைத் தொடுமா?

உடல் வருந்தினாலும் அறிவு தெளிவாக இருக்கலாம் என்று சிலர் கருதக்கூடும். ஆராய்ச்சி அவ்வாறு கூறவில்லை. 2016ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பொதுநலவாழ்வுத் துறையினர் 44 மாணவர்களைப் 12 நாள் சோதித்தனர். ஒரு பிரிவினர் குளிர்சாதன வசதியுள்ள விடுதியில் உறங்கினர். மற்றொரு பிரிவினர் அவ்வசதியற்ற விடுதியில் உறங்கினர். காலையில் எழுந்ததும் கைப்பேசி வழியாகக் கவனத்தையும் எளிய கணக்கையும் அளக்கும் சிறு சோதனைகள் தரப்பட்டன. வெப்பத்தில் உறங்கியோர் விடையளிக்கும் விரைவிலும் கணக்கிலும் ஏறத்தாழ 13 விழுக்காடு பின்தங்கினர். இம்முடிவு 2018இல் வெளியாயிற்று. அவர்கள் அனைவரும் நோயற்ற இளைஞர்கள் என்பதும், வெப்பம் மிகுந்த அந்த அறைகளின் சராசரி 26 டிகிரி அளவே என்பதும் கருதத்தக்கன.

நாம் வெப்பத்திற்குப் பழகியவர்கள். ஆதலின் அந்த அளவை அப்படியே இங்குப் பொருத்த இயலாது. எனினும், சென்னையில் மே மாத இரவுகள் பலவற்றில் வெப்பம் 28 டிகிரிக்குக் கீழ் இறங்குவதில்லை. பகல் முழுவதும் வெயிலை உண்ட மேல்தளக் காங்கிரீட்டுக்கு அடியில் உறங்குவோர்க்கு அறையின் வெம்மை அதனினும் மிகுதி. உறங்குவதற்கு முன் உடலின் உள்வெப்பம் சற்றுத் தணிய வேண்டும். அது தணியாதபோது உறக்கம் துண்டுபடுகின்றது. துண்டுபட்ட உறக்கத்தோடு எழுபவர் வேலைக்குச் சென்றுவிடலாம். பழகிய வேலை கையளவில் நடந்துவிடும். ஆனால் ஆய்வு, புதிதாகச் சிந்திக்க வேண்டிய பணி. ஆகவே முதல் அடி ஆய்வின் மீதே விழுகின்றது.

மற்றொன்றும் அறியவேண்டும். மண்பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போது பானைநீர் குளிர்கின்றது. வியர்வை உலரும்போது நம் உடலும் அவ்வாறே குளிர்கின்றது. வாணியம்பாடி, வேலூர் போன்ற உள்நாட்டு ஊர்களில் காற்று வறண்டிருப்பதால் வியர்வை விரைந்து உலரும்; உடல் குளிரும்; ஆனால் தாம் இழந்த நீரின் அளவை ஒருவர் உணர்வதில்லை. காயல்பட்டினம், அதிராம்பட்டினம், நாகூர் போன்ற கடலோர ஊர்களில் வெப்பநிலை சற்றுக் குறைவாயினும் காற்றில் ஈரம் மிகுதி, வியர்வை உலராமல் வழியும், உடல் குளிர்வதில்லை. ‘எங்கள் ஊரில் 37 டிகிரிதானே’ என்று கடலோரத்தார் அமைதி கொள்ள இடமில்லை.

முன்னோர் காட்டிய வழி

‘அக்காலத்தில் நாங்கள் தெருவிளக்கில் படித்தோம், மின்விசிறி ஏது?’ என்று பெரியோர் கூறுவதுண்டு. அவர்கள் பட்ட பாட்டை நாம் மதிக்கின்றோம். உழைத்துக்கொண்டே கற்ற சான்றோர் நம் மொழியில் பலர். உ.வே. சாமிநாதையர் 1880 முதல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியப் பணி செய்துகொண்டே சீவகசிந்தாமணியை ஆராய்ந்து 1887இல் பதிப்பித்தார். மு. வரதராசனார் திருப்பத்தூரில் எழுத்தராக வேலை பார்த்தவர். உடல்நலக் குறைவால் அவ்வேலையை விட நேர்ந்தது. பின்னர்த் தாமே பயின்று 1935இல் வித்துவான் தேர்வில் முதன்மை பெற்றார். பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே 1939இல் பி.ஓ.எல். பட்டமும், பச்சையப்பன் கல்லூரியில் பணியாற்றிக்கொண்டே 1944இல் எம்.ஓ.எல். பட்டமும், 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டமும் பெற்றார். நீதிபதி மு.மு. இஸ்மாயில் அவர்கள் நீதிமன்றப் பணியின் சுமைக்கிடையே கம்பனை ஆழ்ந்து கற்று எழுதியதையும் நாம் அறிவோம்.

இவர்கள் வாழ்விலிருந்து ‘அவர்களால் முடிந்தது, உன்னால் ஏன் முடியாது?’ என்னும் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வது அரைகுறைப் பாடம். தனித்தேர்வராகத் தேர்வெழுத மு.வ.வுக்கு ஒரு வழி திறந்திருந்தது என்பதையும் நாம் காணவேண்டும். அத்தகைய வழியை அகலமாக்கிய முயற்சிகள் பின்னரும் நிகழ்ந்தன. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும் சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் அவ்வழியில் வந்தன. பணிபுரிவோர் படிப்பது அவர் மன உறுதியால் மட்டும் நடந்துவிடவில்லை. நிறுவனங்கள் தம் நேரத்தையும் முறையையும் மாற்றிக்கொண்டதாலும் நடந்தது. மன உறுதி உடையோர் பலர் வழி இல்லாமையால் பாதியில் நின்றனர். அவர்கள் பெயர்களை எந்த மலரும் அச்சிடுவதில்லை.

இக்கட்டுரையாளர் அறிந்த பள்ளி ஆசிரியை ஒருவர் அத்தகையவர். சிற்றிலக்கிய ஆய்வில் மூன்று இயல்களை முடித்திருந்தார். அவர் பள்ளி விடுவது மாலை நாலரை மணிக்கு. அவர் பயன்படுத்த வேண்டிய நூலகம் மூடுவது ஐந்து மணிக்கு. இரண்டிற்கும் இடையே பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவு. கோடை விடுமுறையில் முடித்துவிடலாம் என்று எண்ணினார். கோடையில் அந்நூலகம் பிற்பகல் ஒரு மணிக்கே மூடப்பட்டது. அவரோ விடைத்தாள் திருத்தும் பணியில் இருந்தார். நான்காம் ஆண்டில் ஆய்வைக் கைவிட்டார். அவரிடம் அறிவுக் குறைவு இல்லை, சோம்பலும் இல்லை. அரைமணி நேரம் இல்லாமையால் ஓர் ஆய்வேடு தமிழுக்கு இல்லாமற்போயிற்று.

விதியும் நடப்பும்

ஆய்வுப் பட்டம் இன்று விருப்பத்தால் மட்டும் தேடப்படுவதன்று. 2009ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளுக்குப் பின், விரிவுரையாளர் பணிக்கு எம்.ஃபில். பட்டம் மட்டும் போதாதென்றாயிற்று. தேசிய அல்லது மாநிலத் தகுதித் தேர்வில் வெற்றியோ, விதிப்படி பெற்ற முனைவர் பட்டமோ வேண்டும். 2022ஆம் ஆண்டு விதிகள் எம்.ஃபில். படிப்பையே நிறுத்திவிட்டன. இதனால் நாற்பது வயதைக் கடந்தவர்களும், குடும்பப் பொறுப்பும் பாடவேளைச் சுமையும் உடையவர்களும் முனைவர் பட்டத்திற்குப் பதிவு செய்கின்றனர். கல்லூரிகளும் தர மதிப்பீட்டுக்காக முனைவர் பட்டம் பெற்றோர் தொகையைக் கூட்ட விரும்புகின்றன.

அந்த 2022ஆம் ஆண்டு விதிகளில் நாம் போதிய அளவு படிக்காத பகுதி ஒன்றுண்டு. பகுதிநேர ஆய்வாளர் தாம் பணிபுரியும் நிறுவனத்திடமிருந்து தடையின்மைச் சான்று பெற்றுத் தரவேண்டும். அச்சான்றில் மூன்று செய்திகள் இருத்தல் வேண்டும். பகுதிநேரமாகப் பயில அவருக்கு இசைவு உண்டு என்பது ஒன்று. ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்க அவர்தம் அலுவல் இடம் தருகின்றது என்பது இரண்டு. வேண்டுமாயின் பாடநெறியை முடிக்க அவர் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார் என்பது மூன்று. ஆக, ‘நேரம் தருகின்றோம்’ என்று நிறுவனமே எழுத்தில் உறுதி கூறுகின்றது. நடைமுறையில் அச்சான்று ஒரு முத்திரைத் தாளாகவே முடிந்துவிடுகின்றது. சான்றில் கையொப்பமிட்ட மறுவாரமே கூடுதல் பாடவேளையும் தேர்வுப் பணியும் அவர்மேல் ஏற்றப்படுவதைப் பல இடங்களில் காண்கின்றோம். கையொப்பம் இட்ட வாக்கை நிறைவேற்றுவது அமானிதத்தைப் பேணுவது போன்ற கடமை என்பதை நம் சமுதாயத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

மகளிர் நிலை இன்னும் கடினம். விடியற்காலை குளிர்ந்த நேரம். படிக்க ஏற்றது என்கின்றோம். அந்நேரத்தில் அவர் சமையலறையில் அடுப்பின் முன் நிற்கின்றார். மாலை ஏற்றது என்கின்றோம். அந்நேரத்தில் பிள்ளைகளின் பாடமும் இரவுச் சமையலும் காத்திருக்கின்றன. அவர்க்கு எஞ்சுவது நண்பகல். அதுவோ கொடிய வெயில். மேற்கூறிய விதிகள் மகளிர்க்குக் கூடுதலாக இரண்டு ஆண்டும், மகப்பேற்றுக்கும் குழந்தை வளர்ப்பிற்கும் 240 நாள் வரை விடுப்பும் தருகின்றன. ஆண்டைக் கூட்டித் தருவது நன்றே. நாளில் ஒரு மணியைக் கூட்டித் தருவது அதனினும் நன்று. அதை விதி தராது. வீட்டில் உள்ளோர்தாம் தரவேண்டும். கணவரும் பிள்ளைகளும் ஒரு வேளைச் சமையலையும் பாத்திரம் துலக்குவதையும் ஏற்றுக்கொண்டால், அந்த வீட்டில் ஓர் ஆய்வேடு பிறக்கும்.

கல்லூரிகள் செய்யத்தக்கவை

பெருஞ்செலவு இல்லாமல் செய்யத்தக்கவை பல உள.

முதலாவது, நேரமாற்றம். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை நூலகத்தைக் காலை 6 மணி முதல் 10 மணி வரையும், மாலை 5 மணி முதல் 9 மணி வரையும் திறந்து வைக்கலாம். நூலகப் பணியாளர்க்கு முறைப்பணி வகுத்தால் அவர்க்கும் நண்பகல் ஓய்வு கிடைக்கும். பகுதிநேர ஆய்வாளர்க்கான வகுப்புகளையும் வாய்மொழித் தேர்வுகளையும் பிற்பகல் இரண்டு மணிக்கு வைக்காமல் முற்பகலில் வைக்கலாம். கடும் வெப்ப நாளில் லுஹர் என்னும் நண்பகல் தொழுகையைச் சற்றுத் தாழ்த்தி, வெம்மை தணிந்தபின் தொழ நபிவழியில் இடமுண்டு என்பதைப் பெரியோர் அறிவர். வழிபாட்டின் நேரத்திற்கே அத்தகைய சலுகை இருக்கும்போது, நாம் வகுத்த அட்டவணையை மாற்றக்கூடாதென்று பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, குளிர்ந்த படிப்பறை. கல்லூரியின் எல்லா அறைகளையும் குளிரூட்ட இயலாது. ஓர் அறையைக் குளிரூட்டலாம். அதில் மகளிர்க்கெனத் தனி இடமும், நண்பகலில் வந்து பயன்படுத்தும் வசதியும், குடிநீரும் இருந்தால் போதும். கூரைக்கு வெண்ணிறப் பூச்சு அடித்தால் வெயிலின் பெரும்பகுதி திருப்பி அனுப்பப்படும். வளாகத்தில் வேம்பும் புங்கமும் நட்டால் பத்தாண்டில் பயன் தரும். சென்னை மாநகராட்சி 2025இல் உணவு கொண்டுசேர்க்கும் ஊழியர்க்காகக் குளிரூட்டப்பட்ட ஓய்வறை ஒன்றைத் திறந்தது. சாலையில் உழைப்போர்க்கு நகரம் தந்த வசதியை, அறிவுக்கு உழைப்போர்க்குக் கல்லூரி தரலாகாதா? கோடையில் தண்ணீர்ப் பந்தலும் மோர்ப் பந்தலும் வைக்கும் செல்வர்கள் நம்மிடையே உளர். அவர்கள் ஒரு படிப்பறையை ஏற்று நடத்தினால் அதுவும் நிலைத்த தர்மமே.

மூன்றாவது, பணிக்குறைப்பு. ஆய்வுக்குப் பதிவு செய்த ஆசிரியர்க்கு வாரத்தில் இரண்டு பாடவேளையேனும் குறைத்து, கோடையில் தொடர்ச்சியாகப் பத்து நாளேனும் எல்லாப் பணியிலிருந்தும் விடுவித்தல் வேண்டும். சுயநிதிப் பிரிவினர்க்கு அந்நாள்களின் ஊதியம் குறையாதிருத்தலும் வேண்டும்.

‘வெயிலுக்காக வேலையை மாற்ற முடியுமா?’ என்று ஐயுறுவோர் வளைகுடா நாடுகளை நினைவுகூரலாம். நம் சமுதாயத்தில் அங்குச் சென்று உழைத்தவர் இல்லாத குடும்பம் அரிது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2005 முதல் கோடை மாதங்களில் நண்பகல் வேளையில் திறந்தவெளி வேலைக்குத் தடை உள்ளது. இப்போது அது ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை. கேரள அரசும் கோடையில் நண்பகல் வெளிவேலையைக் கட்டுப்படுத்துகின்றது. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் கடைகளில் பணிபுரிவோர்க்கு உட்காரும் உரிமையை வழங்கியது. அதற்கு முன் நாள் முழுவதும் நிற்பதே அவ்வேலையின் இயல்பு என்று கருதியிருந்தோம். மாற்ற முடியாதென்று எண்ணிய வழக்கங்கள் மாறுகின்றன. கேட்பாரும் கேட்டதைச் செய்வாரும் இருந்தால் போதும்.

ஆய்வாளர் செய்யத்தக்கவை

நிறுவனம் மாறும் வரை மாணவர் காத்திருக்க இயலாது. அவர்க்கும் சில கூறலாம்.

ஆய்வுப் பணியை மூன்றாகப் பகுத்துக்கொள்ளுங்கள். புதிதாக எழுதுதல் ஒன்று. நூல்களைப் படித்துக் குறிப்பெடுத்தல் ஒன்று. அடிக்குறிப்புச் சரிபார்த்தல், துணைநூற்பட்டியல் அமைத்தல், மெய்ப்புப் பார்த்தல் முதலிய பழகிய பணிகள் ஒன்று. கிடைக்கும் குளிர்ந்த நேரம் முழுவதையும் முதலாவதற்கு ஒதுக்குங்கள். மூன்றாவதை வெம்மை மிகுந்த வேளைக்கு விடுங்கள். நாளொன்றுக்கு ஒரு பக்கம் எழுதினால் போதும். ஆண்டில் 300 நாள் எழுதினால் 300 பக்கம் ஆகிவிடும். பத்துப் பக்கம் எழுதும் நாளுக்காகக் காத்திருப்பவர் பெரும்பாலும் காத்தே இருப்பர்.

வெயிலில் அலைவதைக் குறையுங்கள். மதுரைத் திட்டம் 1998 முதல் தமிழ் இலக்கியங்களை மின்பதிப்பாக வழங்கி வருகின்றது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய நூல்கள் பல உள. பேருந்தில் செல்லும்போதே கைப்பேசியில் படிக்கத்தக்க அளவில் அவை கிடைக்கின்றன. முன்பு சென்னைக்குச் சென்று பார்க்க வேண்டியிருந்த நூல் இன்று திண்ணையில் கிடைக்கின்றது.

உறக்கத்தைக் களவாடாதீர்கள். இரவு இரண்டு மணி வரை விழித்து எழுதிய பக்கத்தை மறுநாள் அழிக்க நேர்வது பலர் பட்டறிவு. மாலையில் குளித்து, இருபது நிமிடம் கண்ணயர்ந்து எழுந்தால், அடுத்த ஒரு மணி நேரம் பயனுடையதாகும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நீர் பருகுங்கள். நீராகாரம், உப்பிட்ட மோர், நுங்கு, வெள்ளரி ஆகியன நம் முன்னோர் கண்ட நல்லுணவுகள். வெயிலில் உழைக்கும் ஒருவர் பேச்சுத் தடுமாறி, மயங்கி, உடல் நெருப்பெனக் கொதிக்கக் கண்டால், அதனை வெறும் மயக்கமென்று விட்டுவிடாதீர்கள். நிழலுக்குக் கொண்டுசென்று, உடலை நீரால் நனைத்து விசிறி, 108 ஊர்தியை உடனே அழையுங்கள். தேர்வு அடுத்த பருவத்திலும் வரும், உயிர் அவ்வாறன்று.

மாணவச் செல்வங்களே, களைப்பைக் குற்றமாக எண்ணாதீர்கள். வேலையும் வெயிலும் தரும் களைப்பு அது. உங்கள் அறிவுக்கு அளவுகோல் அன்று. உங்களுக்கு என்ன வேண்டுமென்று நெறியாளரிடமும் முதல்வரிடமும் நாவைத் திறந்து கேளுங்கள். ஆசிரியப் பெருமக்களே, ‘ஏன் தாமதம்?’ என்று வினவுமுன் ‘எத்தனை மணிக்கு உறங்கினீர்?’ என்று ஒருமுறை வினவுங்கள். சமுதாயப் பெரியோர்களே, கட்டடம் கட்டித் தந்தீர்கள், நன்றி மறவோம். அக்கட்டடத்தின் கதவு வெயில் தணிந்தபின்னும் திறந்திருக்கவும், உள்ளே ஒரு குவளைக் குளிர்நீர் கிடைக்கவும் வழிசெய்யுங்கள். வரும் சித்திரையிலேயே ஒரு கல்லூரி இதனைத் தொடங்குமாயின், அடுத்த ஆண்டு மற்றவை தாமே தொடரும்.